சக்கரம் கழன்று விபத்து: வேலை பார்த்த பட்டறைக்குப் பொறுப்பு கிடையாதா?

கயல்விழி, நாமக்கல்

வணக்கம். வண்டி வேலையும் சட்டமும் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால் எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய சிறிய கார். பின்பக்கப் பிரேக் ஷூ மாற்றவும், நான்கு டயர்களையும் முன்னும் பின்னுமாக மாற்றிப் போடவும் ஊரிலேயே பெயர் பெற்ற ஒரு பட்டறையில் விட்டோம். அதே வாரத்தில் என் கணவர் திருச்சிக்குப் போகும்போது, தொட்டியம் தாண்டியதும் முன்பக்க இடது சக்கரம் கழன்று ஓடிவிட்டது. கார் இடப்பக்கம் சாய்ந்து, தரையைத் தேய்த்துக்கொண்டே போய், சாலையோரம் நின்றிருந்த இருசக்கர வாகனத்தை இடித்தது. அதில் உட்கார்ந்திருந்தவருக்கு வலது கால் இரண்டு இடங்களில் முறிந்திருக்கிறது. என் கணவருக்குத் தோளில் அடி.

காவல் நிலையத்தில் என் கணவர்மீது வழக்குப் பதிந்துவிட்டார்கள். பாரதிய நியாய சன்ஹிதா 281 (கவனக்குறைவாக வண்டி ஓட்டியது), 125(பி) (அதுபோன்ற செயலால் கொடுங்காயம் ஏற்படுத்தியது). பட்டறையின் பெயர் முதல் தகவல் அறிக்கையில் எங்குமே இல்லை. பட்டறை முதலாளியைக் கேட்டால், "எங்கள் வாசலைத் தாண்டும்போது வண்டி நன்றாகத்தான் இருந்தது. நடுவில் எங்காவது பஞ்சர் போட்டிருப்பீர்கள், அவன் சரியாக முடுக்கியிருக்க மாட்டான்" என்கிறார். நாங்கள் எங்கும் பஞ்சர் போடவில்லை. அடுத்த மூச்சிலேயே, "வண்டியை நம் பட்டறைக்கே கொண்டுவந்து விடுங்கள், செலவில்லாமல் சரிசெய்து தருகிறேன்" என்றும் சொல்கிறார். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து முடித்துவிட்டார். வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நாளைக் காலை இழுவை வண்டி அனுப்புவதாகப் பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள்.

என்னிடம் இருப்பது "பிரேக் வேலை, டயர் மாற்றம்" என்று எழுதி மொத்தத் தொகை போட்ட ஒரு துண்டுச் சீட்டும், கைபேசி வழியாகப் பணம் அனுப்பிய பதிவும்தான். நட்டை முடுக்காமல் விட்டவர் ஒருவர், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் இன்னொருவர். இதை எப்படி ஏற்றுக்கொள்வது?

செல்வம், சங்ககிரி

அம்மா, முதலில் உங்கள் கணவர் நலம் பெறட்டும். கேள்விக்கு என் பதில் உங்களுக்குக் கசக்கும். சாலையில் வண்டி ஓடும்போது அது ஓட்டுநரின் பொறுப்பு. நான் லாரி வைத்திருப்பவன். எங்கள் ஓட்டுநர்கள் டீக்கடையில் நிறுத்தினால்கூட ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரைத் தட்டிப் பார்த்து, நட்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரைக் கையில் எடுப்பார்கள். சக்கரம் சொல்லாமல் கழலாது. சத்தம் வரும், ஸ்டியரிங் நடுங்கும். நாமக்கல்லில் இருந்து தொட்டியம் வரை அது ஒன்றையும் காட்டாமலா வந்தது?

மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பழுது இருக்கிறது என்று தெரிந்தோ, சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலோ வண்டியை ஓட்டுவதே குற்றம். அதனால் யாருக்காவது காயம் ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை உண்டு. சட்டம் ஓட்டுகிறவரையும் ஓட்ட விடுகிறவரையும்தான் பார்க்கிறது.

பழனிசாமி, பட்டறை, கோவை

தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. நாளைக் காலை அந்த இழுவை வண்டி வந்தால் காரைக் கொடுக்காதீர்கள். ஒரு நட்டுகூட அவர்கள் கைக்குப் போகக் கூடாது. உங்கள் வழக்கு முழுவதும் அந்த ஹப்பிலும் (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) அந்த ரிம்மிலும்தான் இருக்கிறது. செலவில்லாமல் சரிசெய்து தருகிறேன் என்று அவர் சொல்வது நல்லெண்ணத்தாலேயே இருக்கலாம். ஆனால் ஹப் மாற்றி, போல்ட் மாற்றி, பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டால் பிறகு எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

நானும் பட்டறை வைத்திருப்பவன். என் தொழிலைச் சேர்ந்தவனைக் காட்டிக்கொடுக்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். நினைக்கட்டும். கழன்ற சக்கரம் எதனால் கழன்றது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

நட்டு தளர்வாக இருந்து கழன்றிருந்தால், ரிம்மில் உள்ள துளைகள் வட்டமாக இருக்காது. நீண்டு முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். சக்கரம் ஆடி ஆடி போல்ட்டின் மரையை நசுக்கியிருக்கும். ஹப்பும் ரிம்மும் ஒட்டும் முகம் தேய்ந்து பளபளக்கும். நட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்துவிடும், கடைசியாக மிஞ்சிய போல்ட் மட்டும் பாரம் தாங்காமல் உடையும். மாறாக, காற்றுத் துப்பாக்கியால் அளவுக்கு மீறி முடுக்கி போல்ட் இழுபட்டு உடைந்திருந்தால், துளைகள் பெரும்பாலும் வட்டமாகவே இருக்கும், போல்ட்டுகள் முறிந்த முகத்தோடு நிற்கும், நட்டுகள் முறிந்த துண்டோடு போயிருக்கும். இரண்டுமே பட்டறைத் தவறுதான், ஆனால் வேறு வேறு தவறு. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஹப் முகத்தில் துரு, மண், பெயிண்ட் இருந்தால் முடுக்கும்போது இறுக்கமாகத் தெரியும்; சில பத்து கிலோமீட்டர் ஓடியதும் அந்தப் பொடி நசுங்கி இறுக்கம் போய்விடும். அதனால்தான் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மாட்ட வேண்டும், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை முடுக்கிப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது முடுக்கலுக்கு வரச் சொன்னார்களா? சொல்லவில்லை என்றால் அதுவும் குறைதான்.

செல்வம் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. லாரி ஓட்டுநர் சக்கரத்தோடு வாழ்கிறவர். கார் வைத்திருக்கும் ஒரு வங்கி ஊழியரோ ஆசிரியரோ அப்படி இல்லை. தனக்குத் தெரியாது என்பதால்தான் பணம் கொடுத்து நம்மிடம் விடுகிறார். அவர் நட்டைத் தட்டிப் பார்க்கவில்லை என்று நாம் குறை சொல்வது முறையில்லை.

சுந்தர், அம்பத்தூர்

நான் ஒரு நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் வேலை செய்கிறேன். எல்லோரும் "மெக்கானிக்" என்று ஓர் ஆளைப் பிடித்து நிறுத்துகிறீர்கள். இந்தத் தவறு எப்படி நடக்கிறது என்பதை உள்ளே இருப்பவன் சொல்கிறேன்.

வண்டி லிஃப்டில் நிற்கிறது. சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் நான்கு சுற்றுச் சுற்றி வைத்துவிடுகிறார் ஒருவர். இறுதி முடுக்கலை வண்டி தரையில் இறங்கியபின் டார்க் ரெஞ்ச் (முடுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்ச்) வைத்துச் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் சர்வீஸ் அட்வைசர் வந்து, "அந்த வெள்ளை வண்டி வாடிக்கையாளர் காத்திருக்கிறார், அதைப் பாருங்கள்" என்று அவரை இழுத்துக்கொண்டு போகிறார். வண்டியை இறக்குவது பயிற்சிக்கு வந்த பையன். நட்டெல்லாம் இடத்தில் இருப்பதைப் பார்த்து, முடுக்கியாயிற்று என்று நினைத்து வாட்டர் வாஷுக்குத் தள்ளிவிடுகிறான். மாலை 5 மணிக்கு வண்டி தருவதாகக் காலையிலேயே வாக்குக் கொடுத்தாகிவிட்டது. இதில் யார் குற்றவாளி? கையால் சுற்றியவரா, இழுத்துக்கொண்டு போனவரா, பையனா?

இதற்கு மருந்து ஒரு பெயிண்ட் பேனா. முடுக்கியவர் நட்டின்மேல் மஞ்சள் கோடு போட வேண்டும். கோடு இல்லாத வண்டியை யாரும் வெளியே விடக் கூடாது. அந்த முறையை வைக்க வேண்டியவர் பட்டறை முதலாளி. வைக்கவில்லை என்றால் பொறுப்பு முதலாளியுடையது. மாதச் சம்பளத்துக்கு நிற்கும் பையனைச் சிறைக்கு அனுப்பி யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது?

மருதநாயகம், முசிறி

எல்லாவற்றையும் படித்தேன். துளை, மரை, மஞ்சள் கோடு எல்லாம் வந்துவிட்டன. கால் முறிந்து கிடப்பவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர் எந்தப் பட்டறைக்கும் போகவில்லை, எந்த வண்டியையும் ஓட்டவில்லை, ஓரமாக நின்றுகொண்டிருந்தார். நீங்கள் இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டு இருக்கும்வரை அவருடைய மருத்துவமனைச் செலவை யார் கொடுப்பது? அவர் கூலி வேலை செய்கிறவராக இருந்தால் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

கயல்விழி, நாமக்கல்

மருதநாயகம் ஐயா, அவரை மருத்துவமனையில் போய்ப் பார்த்தோம். கொத்து வேலை செய்கிறவர். எங்களால் இயன்றதைக் கொடுத்துவிட்டு வந்தோம், அது போதாது என்று தெரியும்.

பழனிசாமி அண்ணா, இழுவை வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டோம். என் கணவரின் நண்பர் வீட்டுக் கொட்டகையில் காரை வைத்திருக்கிறோம். நீங்கள் சொன்னபடி பார்த்தேன். ரிம்மின் நான்கு துளைகளும் முட்டை வடிவத்தில் இருக்கின்றன. மூன்று போல்ட்டுகள் முறியாமல் இருக்கின்றன, மரை நசுங்கித் தட்டையாக இருக்கிறது. ஒன்று மட்டும் உடைந்திருக்கிறது. செல்வம் ஐயா கேட்டதற்கு: கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மெல்லிய டக் டக் சத்தம் கேட்டதாகவும், புதிய பிரேக் ஷூ படியும்வரை அப்படி இருக்கும் என்று பட்டறையில் சொல்லியிருந்ததால் அதுதான் என்று நினைத்ததாகவும் என் கணவர் சொல்கிறார்.

வழக்கறிஞர் இளவரசி, மதுரை

கடைசி வரி மிக முக்கியம். "சத்தம் இருக்கும், கவலைப்பட வேண்டாம்" என்று பட்டறையில் சொன்னதை உங்கள் கணவர் இன்றே தேதியிட்டு எழுதி வைக்கட்டும். செல்வம் ஐயா சொன்ன 190-வது பிரிவுக்கு அதுவே பதில். சாதாரண கவனம் உள்ளவர் வேலை பார்த்தவரின் சொல்லை நம்புவார்.

இங்கே மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அடிபட்டவருக்கு யார் பணம் கொடுப்பது, உங்களுக்கு யார் பணம் கொடுப்பது, யார் சிறைக்குப் போவது. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

அடிபட்டவர் காத்திருக்கத் தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்கீழ் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். உங்கள் மூன்றாம் நபர் காப்பீடு நடப்பில் இருந்தால் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். பழுது பட்டறையால் வந்தது என்ற வாதத்தை வைத்து அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. உச்ச நீதிமன்றம் 2001-இல் கௌஷ்நுமா பேகம் வழக்கில் இதை நன்றாகச் சொல்லியிருக்கிறது. ஜீப்பின் முன்டயர் வெடித்து, ஜீப் கவிழ்ந்து, நடந்து போனவர் இறந்தார். ஓட்டுநரிடம் கவனக்குறைவு இல்லை என்று தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் மனுவைத் தள்ளின. ஓட்டுநரின் தவறு நிரூபிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். மருதநாயகம் ஐயாவின் கேள்விக்கு இதுதான் விடை. அந்தக் கொத்தனாருக்கு இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள், கயல்விழி. அவர் மனுச் செய்வது உங்களுக்கு எதிரான செயல் என்று நினைக்காதீர்கள்.

உங்களுக்கான வழி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 85-வது பிரிவு பழுதுபார்ப்பவர்களையும் தொடுகிறது. ஒரு பொருளுக்குச் சேவை செய்பவரின் வேலை குறைபாடாகவோ போதாததாகவோ இருந்தாலும், கவனக்குறைவாலோ தகவலை மறைத்ததாலோ தீங்கு விளைந்தாலும், உரிய எச்சரிக்கையைத் தராமல் விட்டாலும் அவர் பொறுப்பாளி. பழனிசாமி ஐயா கேட்டாரே, மீண்டும் முடுக்க வரச் சொன்னார்களா என்று, அந்தக் கேள்வி நேராக இந்தப் பிரிவுக்குள் வந்து விழுகிறது. உங்கள் கணவரின் தோள் காயம் 85-இன்கீழ் வரும். காரின் சேதத்தைச் சேவைக் குறைபாடு என்று அதே புகாரில் கேட்க வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் பட்டறைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் புகார்க் கட்டணம் கிடையாது. துண்டுச் சீட்டும் பணம் அனுப்பிய பதிவும் சேவை பெற்றதற்குப் போதுமான சான்று. முறையான பில் தராதது அவர் குறை.

சுந்தர் கேட்டதற்கு: ஊழியர் வேலையின்போது செய்த தவறுக்கு முதலாளிதான் இழப்பீடு கொடுக்க வேண்டும். பையனைத் தேட வேண்டிய அவசியமே இல்லை.

பட்டறைக்காரர் மூன்றாம் நபருக்குப் பொறுப்பாவாரா என்று ஐயப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய ஆங்கிலேய வழக்கு. 1939, ஸ்டென்னெட் எதிர் ஹான்காக். லாரிச் சக்கரத்தின் விளிம்பு வளையத்தைப் பழுதுபார்ப்பவர் சரியாகப் பொருத்தாமல் அனுப்பினார். லாரி சாலைக்கு வந்ததும் வளையம் கழன்று நடைபாதையில் போன பெண்ணின் காலில் அடித்தது. தகுதியுள்ள ஆளிடம் வேலையைக் கொடுத்த லாரி உரிமையாளருக்குப் பொறுப்பில்லை, பழுதுபார்த்தவருக்கே பொறுப்பு என்று தீர்ப்பு. உங்கள் வழக்குக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியாது.

குற்ற வழக்கைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அது கடினமான பகுதி.

செல்வம், சங்ககிரி

இளவரசி அம்மாவுக்கு நன்றி. கணவரிடம் பட்டறையில் அப்படிச் சொல்லியிருந்தால் நான் சொன்னது இங்கே பொருந்தாது. எனக்கு ஓர் ஐயம். என் லாரிக்கு இப்படி நடந்தால் நானும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

வழக்கறிஞர் இளவரசி, மதுரை

வணிக நோக்கத்துக்காகச் சேவை பெற்றவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழிலாக, உங்கள் பிழைப்புக்காக மட்டும் வண்டி வைத்திருந்தால் போகலாம். பல லாரிகள், பல ஓட்டுநர்கள் என்றால் உரிமையியல் நீதிமன்றம்தான்.

தவராசா, ஸ்காபரோ

ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற வாகனத் தொழில்நுட்பர் நான். இங்கே 310எஸ் என்கிற உரிமம் இல்லாமல் ஒருவர் கராஜில் வாகனம் திருத்த முடியாது. தொழிற்பயிற்சி, வகுப்பு, தேர்வு எல்லாம் முடித்தபின்தான் அந்த அட்டை கைக்கு வரும். கழற்றிய பழைய பாகங்களை வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். செய்த வேலைக்கும் போட்ட பாகத்துக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர் உத்தரவாதம் சட்டப்படியே உண்டு.

ஆனால் சில்லு (சக்கரம்) கழன்றால் யார் பொறுப்பு என்பதில் இந்த மாகாணம் வேறு வழியில் போனது. 1990-களின் நடுவில் நெடுஞ்சாலைகளில் லொறிச் சில்லுகள் கழன்று பறந்து வந்து மற்ற வாகனங்களில் போனவர்களைக் கொன்றன. மக்கள் கொதித்துப் போனார்கள். 1997-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். வணிக வாகனத்தில் இருந்து சில்லு கழன்றால் அதை இயக்கும் நிறுவனத்துக்கு 2,000 டொலர் முதல் 50,000 டொலர் வரை தண்டம். நான் எல்லாக் கவனமும் எடுத்தேன், கராஜ்காரன்தான் பிழை விட்டான் என்று சொல்லித் தப்ப முடியாது. நிறுவனங்கள் அந்தச் சட்டம் நியாயமில்லை என்று நீதிமன்றம் வரை போயும் அது செல்லும் என்றே தீர்ப்பு வந்தது.

முதலில் செல்வம் அண்ணா சொன்ன பக்கம்தான் அது. அதில் ஒரு நன்மையைக் கண்ணால் பார்த்தேன். நிறுவனங்கள் தண்டத்துக்குப் பயந்து, சில்லுப் பூட்டுவதற்குத் தனிப் பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே வேலை கொடுக்கத் தொடங்கின. மலிவாகச் செய்பவனைத் தேடும் பழக்கம் குறைந்தது. ஆனால் தனி ஒருவரின் காருக்கு அதே விதியைப் போட்டால் அது கொடுமை என்பது என் நிலைப்பாடு. நிறுவனத்துக்குச் சோதித்துப் பார்க்க ஆளும் வசதியும் உண்டு, கயல்விழியின் கணவருக்கு இல்லை.

பழனிசாமி, பட்டறை, கோவை

தவராசா சொல்லும் உரிமம் நம் நாட்டில் இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வேதனை. ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு ஆண்டு இருக்கிறது. படித்தவனும் பட்டறை வைக்கலாம், படிக்காதவனும் வைக்கலாம். பலகை மாட்டினால் போதும். படிக்காமலே தங்கமாக வேலை செய்பவர்கள் உண்டு, என் குருநாதர் அப்படிப்பட்டவர். ஆனால் பிரேக் சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவி மாட்டுகிறவனையும் நான் பார்த்திருக்கிறேன். பெட்ரோலும் டீசலும் பட்டால் பிரேக் சிலிண்டரின் ரப்பர் ஊதிவிடும். முதல் நாள் ஒன்றும் தெரியாது, சில நாளில் பிரேக் பிடித்தபடியே நிற்கும் அல்லது கசியும். ஸ்டியரிங் டை ராட் நட்டில் ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடாமல் பழைய கம்பியை முறுக்கிவிடுகிறவன் இருக்கிறான். ஏர்பேக் வெடித்த வண்டியில் புதியது போடாமல், டாஷ்போர்டு விளக்கு அணைய ஒரு சிறு ரெசிஸ்டரைச் செருகி விற்றுவிடுகிறவன் இருக்கிறான். அவனை மெக்கானிக் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

அதே சமயம் வாடிக்கையாளர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரேக் பேட் தேய்ந்து இரும்பு தெரிகிறது, டிஸ்க்கும் மாற்ற வேண்டும் என்று சொன்னால், "பேட் மட்டும் போடுங்கள், டிஸ்க் அடுத்த மாதம்" என்கிறார்கள். இணையத்தில் பாதி விலைக்கு வாங்கிய பேட்டைக் கொண்டுவந்து, இதைப் போட்டுக்கொடு என்கிறார்கள். அது அசலா போலியா என்று நான் எப்படிச் சொல்வேன்? மறுத்தால் பக்கத்துப் பட்டறைக்குப் போகிறார்கள். இப்போது நான் செய்வது இதுதான்: எதை மாற்றச் சொன்னேன், எதை அவர் வேண்டாம் என்றார் என்று ஜாப் கார்டில் (பட்டறையின் வேலைச் சீட்டு) எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். பிரேக், ஸ்டியரிங் விஷயமாக இருந்து ஓட்டவே கூடாத நிலை என்றால் வேலையையே மறுத்துவிடுகிறேன். கையெழுத்து வாங்கிவிட்டோம் என்பதற்காகப் பிரேக் இல்லாத வண்டியைத் தெருவில் விட எனக்கு உரிமை கிடையாது. தெருவில் போகிற கொத்தனார் என் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடவில்லை.

என் கணக்கு எளிது. நான் தொட்ட இடத்துக்கு நான் பொறுப்பு. தொடாவிட்டாலும், என் கண்ணில் பட்டும் சொல்லாமல் விட்ட பழுதுக்கும் நான் பொறுப்பு. வண்டியின் அடியில் நான் பார்க்கவே வாய்ப்பில்லாத பழுதுக்கு என்னைப் பிடிக்காதீர்கள். கிளட்ச் கேபிள் மாற்ற வந்த வண்டியில் மூன்று மாதம் கழித்துப் பின்டயர் வெடித்தால் என் வாசலில் வந்து சத்தம் போடுகிறவர்களும் உண்டு.

கயல்விழி தங்கச்சிக்கு இன்னும் இரண்டு வேலை. அவர் பஞ்சர் கதை சொல்கிறார் அல்லவா? கழன்ற சக்கரத்தின் டயரை ரிம்மில் இருந்து பிரித்து உள்ளே பாருங்கள். பஞ்சர் போட்டிருந்தால் ஒட்டோ செருகிய ரப்பர்த் திரியோ இருந்தே தீரும். இரண்டாவது, மற்ற மூன்று சக்கரங்களையும் தொடாதீர்கள். அன்றைக்கு அவற்றையும் கழற்றித்தானே மாட்டினார்கள்? டார்க் ரெஞ்ச் வைத்து ஒவ்வொரு நட்டும் எந்த அளவில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கார் கையேட்டில் சரியான அளவு இருக்கும், சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன்மீட்டருக்குள். மற்ற சக்கரங்களிலும் நட்டு தளர்வாக இருந்தால் பஞ்சர் கதை அங்கேயே முடிந்தது. ஆனால் நீங்களாகச் செய்யாதீர்கள். காப்பீட்டு சர்வேயர் முன்னிலையில், வீடியோ எடுத்துக்கொண்டே செய்யுங்கள்.

ராமச்சந்திரன், ஓய்வுபெற்ற காப்பீட்டு சர்வேயர், தஞ்சாவூர்

பழனிசாமி சொன்னது முழுக்கச் சரி. பட்டறைக்கும் பதிவுத் தபாலில் நாளும் நேரமும் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்புங்கள், "உங்கள் ஆள் ஒருவர் வந்து பார்க்கலாம்" என்று. அவர்கள் வராவிட்டாலும் பின்னால், எங்களுக்குத் தெரியாமல் பிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. அருகில் உள்ள பொறியியல் கல்லூரியின் இயந்திரவியல் துறைப் பேராசிரியர் ஒருவர் எழுத்தில் அறிக்கை தந்தால் இன்னும் வலு.

நான் பணியில் இருந்தபோது பார்த்த மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கைகளில் பெரும்பான்மை ஒரே வரியில் முடிந்திருக்கும்: "விபத்து இயந்திரக் கோளாறினால் ஏற்படவில்லை." சக்கரமே இல்லாத வண்டிக்கு அப்படி எழுத முடியாது என்று நம்புகிறேன். நகல் வாங்கிப் பாருங்கள். மத்திய அரசின் 2022-ஆம் ஆண்டு சாலை விபத்து அறிக்கையில் 4,61,312 விபத்துகள், 1,68,491 மரணங்கள். விதிமீறல்களை வகைப்படுத்தும் அட்டவணையில் வேகம், குடி, எதிர்த் திசை, சிவப்பு விளக்கு, கைபேசி, பிறவகை என்று இருக்கும். பட்டறைத் தவறு என்று தனியே ஒரு கட்டம் கிடையாது. கட்டமே இல்லாதபோது யார் எண்ணுவார்கள்?

உங்கள் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டில், இயந்திரக் கோளாறுக்கு இழப்பீடு இல்லை என்ற விலக்கு உண்டு. அதைக் காட்டி முழுக் கோரிக்கையையும் மறுக்கப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கோளாறான பாகத்தின் விலையை வேண்டுமானால் கழிக்கலாம். மோதலால் வந்த சேதம் விபத்துச் சேதமே. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்கள். இழப்பீடு கொடுத்த நிறுவனம் உங்கள் இடத்தில் நின்று பட்டறையிடம் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க உரிமை உண்டு. அதனால் பட்டறை கொடுக்கும் எந்தத் தாளிலும், "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்த ஒரு வரி எல்லாக் கதவையும் மூடிவிடும்.

எங்கள் துறையின் பங்கையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் 2017-இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஆலங்கட்டி மழையில் நசுங்கிய 2010 ஹோண்டா ஃபிட் காரின் கூரையை, தயாரிப்பாளர் சொன்னபடி வெல்டிங் செய்யாமல் பசையால் ஒட்டியிருந்தார்கள். அது தெரியாமல் பிறகு அந்தக் காரை வாங்கிய தம்பதி 2013-இல் விபத்தில் சிக்கினார்கள். கூரை பிரிந்து, கூண்டு நசுங்கி, தீப்பற்றிய வண்டிக்குள் மாட்டிக்கொண்டு படுகாயம் அடைந்தார்கள். மோதியது வேறொருவரின் வண்டி. ஆனாலும் ஜூரி 4.2 கோடி டாலர் என்று தீர்மானித்து, அதில் முக்கால் பங்கைப் பழுதுபார்த்த நிறுவனத்தின்மேல் வைத்தது. காப்பீட்டு நிறுவனம் தரும் பணத்துக்கு ஏற்பத்தான் வேலை என்ற பேச்சு அந்த வழக்கிலும் வந்தது. இங்கேயும் அதுதான் நடக்கிறது. டிங்கரிங் வேலையில் செலவைக் குறைக்கச் சொல்லி அழுத்துகிறோம். உயர்வலிமை எஃகைக் கேஸ் வெல்டிங் தீயில் காய்ச்சித் தட்டி நிமிர்த்தினால் அதன் வலிமை போய்விடும். மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்தால் கண்ணுக்குப் புதிது மாதிரி இருக்கும். அடுத்த மோதலில் உள்ளே இருப்பவரைக் காக்க வேண்டிய, கூரையைத் தாங்கும் அந்தத் தூண் தாங்காது. அந்த அழுத்தத்தைக் கொடுக்கும் அதிகாரிக்கும் ஒரு பொறுப்பு இருக்க வேண்டும் என்று பதவியில் இருந்தபோதே வாதாடினேன், இப்போதும் அதையே சொல்கிறேன்.

கயல்விழி, நாமக்கல்

எல்லோருக்கும் நன்றி. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

காப்பீட்டு சர்வேயர் முன்னிலையில் நேற்று ஆய்வு முடிந்தது. பட்டறைக்குக் கடிதம் போயிருந்தது, யாரும் வரவில்லை. டயரைப் பிரித்துப் பார்த்தோம், ஒட்டும் இல்லை, செருகலும் இல்லை. பின்பக்க வலது சக்கரத்தில் இரண்டு நட்டுகள் ரெஞ்ச் வைத்ததுமே சுழன்றன. அதைப் பார்த்ததும் என் கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அந்தக் காரில்தான் கூட்டிக்கொண்டு போனார்.

கொத்தனார் அண்ணனிடம் தீர்ப்பாயத்தைப் பற்றிச் சொல்லிவிட்டோம். எங்கள் காப்பீட்டு நகலையும் கொடுத்துவிட்டோம்.

இப்போது ஒரே ஒரு குழப்பம். குற்ற வழக்கில் தவற்றை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அலைச்சல் இல்லாமல் அப்படிச் செய்துவிடலாமா?

வழக்கறிஞர் இளவரசி, மதுரை

செய்யவே செய்யாதீர்கள். நீதிமன்றத்தில் "நான் கவனக்குறைவாக ஓட்டினேன்" என்று ஒப்புக்கொண்டால் அந்த வாக்குமூலம் நுகர்வோர் ஆணையத்துக்கும் வரும். பட்டறையின் வழக்கறிஞர் முதல் தாளாக அதைத்தான் நீட்டுவார். ஒரு நாள் அலைச்சலைத் தவிர்க்கப் போய் முழு வழக்கையும் கையளித்துவிடுவீர்கள்.

விசாரணை இன்னும் முடியவில்லை, குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. ஆய்வு வீடியோ, சர்வேயர் குறிப்பு, ரிம்மின் படங்கள், பணம் அனுப்பிய பதிவு ஆகியவற்றை இணைத்து விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பட்டறையின் கவனக்குறைவு தெரிந்தால் அவர்களையும் எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) வழக்கில் சேர்க்கக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு. விசாரணை அதிகாரி மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு அதே மனுவை அனுப்புங்கள்.

பட்டறைக்காரர் குற்ற வழக்கில் தண்டிக்கப்படுவாரா என்பதற்கு உறுதி சொல்ல மாட்டேன். ஒருவரின் கவனக்குறைவே விபத்தின் நேரடியான, உடனடியான காரணமாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1965-இல் குர்பான் ஹுசைன் வழக்கிலேயே சொல்லிவிட்டது. நடுவில் இன்னொருவரின் செயல் புகுந்தால் சங்கிலி அறுந்துவிடும். அதனால்தான் அவர் பஞ்சர் கடைக்காரர் ஒருவரை நடுவில் கொண்டுவரப் பார்த்தார். டயரின் உள்ளே ஒட்டு இல்லை என்பதும், பின்சக்கர நட்டு சுழன்றதும் அந்தச் சங்கிலியை அறுபடாமல் வைத்திருக்கின்றன. குற்ற வழக்கில் அவர் தப்பினாலும் ஆணையத்தில் அவ்வளவு உயர்ந்த நிரூபணம் தேவைப்படாது.

அந்தப் பின்சக்கரத்தை முடுக்கிவிடாமல் அப்படியே வைத்திருக்கிறீர்கள் அல்லவா? காரின் நான்கு பக்கமும் படம் எடுத்து, தேதி எழுதி, கொட்டகைச் சாவியை நண்பரிடம் கொடுத்துவைத்ததற்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பட்டறைக்கு அனுப்ப வேண்டிய வழக்கறிஞர் அறிவிப்பின் வரைவை இன்று இரவு அனுப்புகிறேன்.

கயல்விழி, நாமக்கல்

அப்படியே இருக்கிறது, அம்மா. விசாரணை அதிகாரியைப் பார்க்க நாளை நானும் என் கணவருடன் போகிறேன்.